கள்ளியில் விழுந்த பஞ்சு

சப்பாத்திக்கள்ளி நம் ஊர்ச் செடி இல்லை என்று சொன்னால் உசிலம்பட்டியில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "அப்போ அது என்ன, சீமையில இருந்தா வந்துச்சு?" என்று கேட்பார்கள். சீமையையும் தாண்டி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்றால் சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து கண்மாய்க்கரையிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பார்த்த செடியை வெளிநாட்டுச் செடி என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

கள்ளி என்ற சொல் பழையதுதான். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் வருகிற கள்ளி, கிள்ளினால் பால் வடிகிற கள்ளி. சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் அந்த இனம். சப்பாத்திக்கள்ளியின் மடலைக் கீறிப் பாருங்கள், பால் வராது. கொழகொழவென்று நீர்தான் வரும். இரண்டுக்கும் உறவு கிடையாது. இதன் சொந்தக்காரர்கள் எல்லாம் மெக்சிகோவிலும் பிரேசிலிலும் இருக்கிறார்கள். ஐரோப்பியர்களின் கப்பல்களோடு வந்து இறங்கிய செடிக்கு நாம் பழைய பெயரையே வைத்துவிட்டோம். படம் எடுத்த பாம்பு மாதிரி இருக்கிறது என்று நாகதாளி என்றும் சொன்னோம். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே எங்கள் பாடப்புத்தகத்தில் இதன் பெயர் 'ஃபிகியே தெ பர்பரி', அதாவது வட ஆப்பிரிக்கக் கரையின் அத்தி. பிரெஞ்சுக்காரனும் ஊர் தெரியாமல்தான் பெயர் வைத்திருக்கிறான்.

பழத்தை நாங்களும் தின்றோம். கடற்கரை மணலில் உருட்டி உருட்டி மேல் முள்ளைத் தேய்த்துவிட்டு, பிளந்து, நடுவில் நட்சத்திரம் மாதிரி இருக்கும் முள்ளை எடுத்து எறிந்துவிட்டுத் தின்ன வேண்டும். வாயெல்லாம் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்துவிடும். அந்தச் சிவப்பைச் சொல்லி வைக்கிறேன். பின்னால் வேறு ஒரு சிவப்பு வரப்போகிறது, இரண்டும் ஒன்றல்ல.

இப்போது கள்ளி தொட்டிக்கு வந்துவிட்டது. மதுரை நர்சரிகளில் விதவிதமாகச் சின்னச் சின்னக் கள்ளிகள் விற்கிறார்கள். எங்கள் தெருவிலேயே நாலைந்து வீட்டு மாடியில் வரிசையாக இருக்கின்றன. எனக்கும் ஒரு டஜன் உண்டு. ஓய்வு பெற்றவனுக்கு அது தோதான செடி, மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. அதனால் தெருவில் எந்தக் கள்ளிக்கு உடம்பு சரியில்லை என்றாலும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் நோயே இருக்காது. அடிப்பக்கம் பழுப்பாக, மரப்பட்டை மாதிரி காய்ந்து கெட்டியாக இருந்தால் அது வயது, விட்டுவிடலாம். மேற்குப் பார்த்த பக்கம் மட்டும் வெளிறி, பிறகு தகடு மாதிரி காய்ந்திருந்தால் அது வெயில் சுட்டது. நிழலில் வளர்ந்த செடியைச் சித்திரை வெயிலில் திடீரென்று வைத்தால் அப்படித்தான் ஆகும். நுனிப்பக்கம் துரு பிடித்தாற்போல் மெல்லிய பழுப்பு படர்ந்தால் செஞ்சிலந்தி. லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அடி கறுத்து, அழுத்தினால் உள்வாங்கினால் தண்ணீர் அதிகமாகி அழுகியது; அதற்கு மேலே நல்ல பகுதியை வெட்டிக் காயவைத்து நடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எதிர் வீட்டுப் பேத்தி ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறாள், ஒருநாள் இரண்டு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்று உருண்டைக் கள்ளி. இன்னொன்று முயல் காது மாதிரி தட்டைத் தட்டையாக இருப்பது. சப்பாத்திக்கள்ளிக்குத் தங்கச்சி முறை. இரண்டிலும் முள் கிளம்பும் இடங்களில் வெள்ளைப் பஞ்சு.

"தாத்தா, இது பூசணமா, பூச்சியா?"

காது குடையும் பஞ்சுக்குச்சியைக் கொடுத்து, இரண்டிலும் அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். உருண்டைக் கள்ளியில் வெளிர் மஞ்சளாக ஈரம் வந்தது. அது மாவுப்பூச்சி; செம்பருத்தியிலும் கொய்யாவிலும் நாம் பார்ப்பதுதான். முயல் காதில் தேய்த்தபோது குச்சி இரத்தமாகச் சிவந்தது. "ஐயோ, ரத்தமா தாத்தா?" என்று கையை உதறினாள். இரத்தம் இல்லை, சாயம். அந்தச் சாயத்துக்காக ஒரு காலத்தில் நாடுகளே அடித்துக்கொண்டன என்று சொன்னேன். நம்பவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிரெஞ்சில் ஒரு சங்கடம் உண்டு. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, இந்தச் சிவப்புப் பூச்சி மூன்றுக்கும் அங்கே 'கொஷினி' என்ற ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் 'காச்சினீல்' என்றால் இந்தச் சிவப்புப் பூச்சி மட்டும். மழைக்குப் பிறகு தரையில் ஊரும் வெல்வெட் பூச்சியை நாம் இந்திரகோபம் என்கிறோமே, அது வேறு. அது எட்டுக்கால் இனம். காச்சினீல் பெண்பூச்சி கள்ளியில் ஊசி போன்ற வாயைச் செருகி உட்கார்ந்தால் பிறகு நகராது. இறக்கை கிடையாது. தன்னைச் சுற்றி மெழுகு நூலை விட்டுக்கொண்டு சாறு குடித்தபடியே கிடக்கும். உடம்புக்குள் இருக்கும் சிவப்பு, எறும்பு முதலியவை தின்னாமல் இருக்க அது தானே உண்டாக்கிக்கொள்வது. கள்ளிப் பழத்தின் சிவப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குஞ்சுகளுக்கு உடம்பில் நீளமான மெழுகு இழைகள் இருப்பதால் காற்றில் மிதந்து போகும். அந்தப் பெண் வீட்டு மாடிக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

மெக்சிகோவில் ஒவாஹாகா பகுதி மக்கள் ஸ்பானியர் வருவதற்கு முன்பே இந்தப் பூச்சியை வளர்த்தார்கள். நாம் கோழி வளர்ப்பது மாதிரி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து, பஞ்சு குறைந்து சாயம் மிகுந்த ஓர் இனத்தை உண்டாக்கியிருந்தார்கள். காயவைத்த பூச்சி ஒரு பவுண்டுக்குச் சுமார் 70,000 வேண்டும். ஸ்பெயினுக்கு வெள்ளிக்கு அடுத்தபடி மெக்சிகோவிலிருந்து வந்த பெருஞ்செல்வம் இது. கார்டினால்களின் அங்கியும் இங்கிலீஷ் இராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டும் இந்தச் சாயம்தான். சாதாரண சிப்பாயின் கோட்டுக்கு மலிவான மஞ்சிட்டி வேர்ச் சாயம். ஸ்பானியர் இரகசியத்தை விடவில்லை. ஐரோப்பாவில் நெடுங்காலம் அது விதையா பூச்சியா என்றே சண்டை. லீவன்ஹூக் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான் காலும் உடம்பும் தெரிந்தன. எதிர் வீட்டுப் பெண் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

திருடப் போனவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், நிக்கோலா ஜோசெஃப் தியேரி தெ மெனோன்வில். 1777இல் மூட்டுவலிக்கு ஆற்றுக் குளியல் வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி வேராகுரூஸில் தங்கி, யாருக்கும் தெரியாமல் ஒவாஹாகா வரை போனார். கள்ளி மடல்களையும் பூச்சிகளையும் மற்றச் செடிகளோடு பெட்டிகளில் மறைத்து, இன்றைய ஹெயிட்டியில் உள்ள போர்த்தோபிரான்ஸுக்குக் கொண்டுவந்து தோட்டம் போட்டார். 1780இல் இறந்துபோனார். அவர் போன பிறகு உயர்ந்த ஜாதிப் பூச்சி செத்துவிட்டது. காட்டுப்பூச்சி மட்டும் மிஞ்சியது. நம் கதையிலும் இதேதான் நடக்கப்போகிறது.

சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்காட்லாந்துக்காரர். 1786இல் சென்னைக்கு அருகே புல்லில் ஒரு பூச்சியைக் கண்டு, காச்சினீல் கிடைத்துவிட்டது என்று இலண்டனில் சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அது அந்தப் பூச்சி இல்லை. ஆனால் மனிதர் விடவில்லை. மெய்யான பூச்சி வந்தால் அது உட்கார இடம் வேண்டும் என்று கியூ தோட்டத்திலிருந்து கள்ளி வரவழைத்து, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே வைத்தார். அவருடைய மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி அதற்கு மேற்பார்வையாளர். நான் குமாஸ்தாவாக இருந்தவன். பூச்சி வருவதற்கு முன்பே தோட்டமும் மேற்பார்வையாளரும் தயாராக இருந்ததைப் படிக்கும்போது பழைய அலுவலக ஞாபகம் வருகிறது.

பூச்சி 1795இல் வந்தது. கேப்டன் நீல்சன் என்பவர் வழியில் ரியோ டி ஜெனீரோவில் கப்பல் நின்றபோது கள்ளியில் பார்த்து, செடியோடு எடுத்துக்கொண்டார். கல்கத்தா சேரும்போது உயிரோடு இருந்தவை கொஞ்சமே. தாவரவியல் தோட்டத்தில் பலவகைக் கள்ளிகளில் விட்டுப் பார்த்தார்கள். பாடுபட்டு வரவழைத்த சீமைக் கள்ளியை அது தொடவில்லை. வேலியில் தானாகக் கிடந்த ஒரு கள்ளியில்தான் பெருகியது. சென்னைக்கும் அனுப்பினார்கள். ஆண்டர்சன் ஊர் ஊராக விநியோகித்தார். பெருகியது, காயவைத்து இலண்டனுக்கும் அனுப்பினார்கள். ஆனால் சாயம் மட்டம். நீல்சன் கொண்டுவந்தது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி இல்லை, பிரேசிலின் காட்டுப்பூச்சி. பஞ்சு அதிகம், சிவப்பு குறைவு. 1800வாக்கில் சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடிவிட்டார்கள். 1809இல் ஆண்டர்சனும் போய்விட்டார். 1856க்குப் பிறகு இரசாயனச் சாயங்கள் வரத் தொடங்கியதும் அந்த வியாபாரமே படுத்துவிட்டது.

சாயக் கணக்கு முடிந்ததே தவிர, பூச்சியின் கணக்கு முடியவில்லை. அது உட்கார்ந்த கள்ளி, ஒற்றை முள் கள்ளி என்று சொல்லலாம், இடுப்பு ஒடிந்து சாய ஆரம்பித்தது. சாயத்துக்காகக் கொண்டுவந்தவர்கள் அதை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள், விவசாயிகளுக்கோ கொண்டாட்டம். 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவில் கள்ளியை ஒழிக்கவென்றே இந்தப் பூச்சியைப் பரப்பினார்கள். 1860களில் இங்கிருந்து இலங்கைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு களையை ஒழிப்பதற்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சி கொண்டுபோனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்கிறார்கள். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆனால் நம் பக்கத்துச் சப்பாத்திக்கள்ளி ஒற்றை முள் கள்ளி இல்லை. கொத்துக் கொத்தாக மஞ்சள் முள் உள்ளது. தாவரவியலார் தில்லேனி என்கிற இனம். அதை இந்தப் பூச்சி ஏறிட்டும் பார்க்கவில்லை. பங்காளி செத்ததில் இதற்கு இடம்தான் கிடைத்தது. வேலிக்கு வைத்தது புறம்போக்குக்குப் போனது, புறம்போக்கிலிருந்து புஞ்சைக்கு வந்தது. வெட்டிப் போட்டால் விழுந்த மடலெல்லாம் வேர் விடும். காய்ந்தால்தான் எரியும், ஆனால் இலேசில் காயாது. கூலி கொடுத்து வெட்டிக் குழியில் புதைத்தால் நிலத்தின் விலையைவிடச் செலவு கூடும். பாம்பு, காட்டுப்பன்றி, எலி எல்லாவற்றுக்கும் அது குடியிருப்பு.

அதே சமயம் ஏழைக்கு அது ஆதரவாகவும் இருந்தது. 1876–78 பஞ்சத்தில் பழத்தைத் தின்று உயிர் பிடித்தவர்கள் உண்டு. முள்ளைத் தீயில் பொசுக்கிவிட்டு மடலை மாட்டுக்குப் போட்டார்கள். ஒழிக்க வேண்டும் என்று மனுக்கொடுத்தவர் நிலம் உள்ளவர். பழம் பறித்தவர் நிலம் இல்லாதவர். இந்த இரண்டாவது ஆளின் மனு எந்தக் கோப்பிலும் இருக்காது. முப்பது வருடம் கோப்புக் கட்டியவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

இந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1788இல் முதல் கப்பற்படையோடு வந்த ஆர்தர் பிலிப், அதே ரியோ டி ஜெனீரோவில்தான் கள்ளியையும் பூச்சியையும் ஏற்றினார், சிப்பாய்க் கோட்டுச் சிவப்புக்காக. பின்னால் வந்த வேறு கள்ளி இனங்கள் அங்கே பரவி, 1920களில் ஆறு கோடி ஏக்கரை விழுங்கிவிட்டன. குவின்ஸ்லாந்து அரசு 1912இல் ஜான்ஸ்டன், டிரையன் என்ற இரண்டு பேரை உலகம் சுற்றி வரச் சொல்லி அனுப்பியது. அவர்கள் நம் பக்கமும் வந்து, இலங்கையிலிருந்த அந்தப் பழைய பூச்சியை வாங்கிப்போனார்கள். அங்கேயும் அது ஒற்றை முள் கள்ளியைத்தான் அழித்தது. மற்றக் கள்ளிகளுக்கு அமெரிக்காவிலிருந்து வேறொரு காச்சினீல் இனத்தைக் கொண்டுவந்தார்கள். 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியின் முட்டைகளும் வந்தன. மடலுக்குள் புகுந்து தின்னும் அதன் புழுதான் ஏழெட்டு வருடத்தில் பெருங்காட்டைப் படுக்கவைத்தது. பூனர்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் பெயரில் நினைவு மண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

நமக்கு வந்தது அந்துப்பூச்சி இல்லை, அந்த வேறு காச்சினீல். ஆஸ்திரேலியாவிலிருந்து 1924இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பார்க்க அதே வெள்ளைப் பஞ்சு, தேய்த்தால் அதே சிவப்பு. ஆனால் இது தில்லேனியைத் தின்னும். நூற்றுமுப்பது வருடம் நம்மிடம் இருந்த பூச்சிக்கும் இதற்கும் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அந்த வித்தியாசத்தில்தான் காரியமே இருந்தது. பூச்சி பிடித்த மடலை வெட்டிக் கொண்டுபோய் நல்ல புதரின் மேல் போட்டால் போதும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஐந்தாறு வருடத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர் கள்ளி தென்னிந்தியாவில் இல்லாமல் போனது. கோயம்புத்தூரில் பூச்சியியல் வல்லுநராக இருந்த டி.வி. இராமகிருஷ்ண ஐயர் 1931இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். நாம் மண்டபம் எதுவும் கட்டவில்லை.

என் மாமனார் சிறு பையனாக இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தவர். அவர் பேச்சில் அது "பஞ்சு விழுந்த வருஷம்". கள்ளிப் புதரெல்லாம் அய்யனாருக்கு வெள்ளையடித்த மாதிரி வெளுத்து, பிறகு மஞ்சளாகி, கூழாகி, நாறி, தரையோடு அமர்ந்துவிட்டதாம். பையன்கள் பஞ்சை நசுக்கி, கை சிவக்க வீட்டுக்குப் போய் அடிபட்டதாக ஏமாற்றுவார்களாம். அவருடைய அப்பத்தாவுக்குப் பழம் போயிற்றே என்று வருத்தம். ஆட்டுக்குட்டிக்கு வேலி போயிற்றே என்று அதைவிட வருத்தம்.

பூச்சி முழுதும் போய்விடவில்லை. கண்மாய்க்கரையில் மிஞ்சியிருக்கும் கள்ளியைப் போய்ப் பாருங்கள், எங்காவது ஒரு மடலில் வெள்ளை இருக்கும். கள்ளி பெருகினால் அதுவும் பெருகும், கள்ளி குறைந்தால் அதுவும் அடங்கும். மொராக்கோவில் இப்போது எதிர்க்கதை நடக்கிறது. பழத்துக்காகக் குடியானவர்கள் ஆசையாக வளர்க்கும் முள்ளில்லாக் கள்ளியில் 2014இல் இதே இனம் புகுந்து, வேலி வேலியாக அழித்துவிட்டது. நம் மாகாணத்துக்கு மருந்தாக வந்தது அவர்களுக்குக் கொள்ளைநோய். முள்ளில்லாக் கள்ளியைத் தீவனத்துக்காக இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் நடச் சொல்கிறார்கள். நடுகிறவர்கள் பக்கத்துப் புதரில் பஞ்சு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

தொட்டிக்கு வைத்தியம் சின்னதுதான். பூச்சி பிடித்ததைத் தனியாக வையுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொரு வெள்ளையையும் துடைத்தெடுங்கள். வாரம் ஒருமுறை, நாலு வாரம். மேலே தெரிகிற பஞ்சுக்கு வேலை செய்தாலும் குஞ்சுகள் தப்பும், அதனால்தான் நாலு வாரம். ஸ்பிரிட் தடவிய அன்று வெயிலில் வைக்க வேண்டாம். மாவுப்பூச்சி என்றால் செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள், அங்கேயும் குடியிருக்கும்.

மாமனார் காலமான பிறகு பாகப்பிரிவினைக்காகப் பழைய பத்திரத்தை எடுத்தார்கள். குமாஸ்தா மாப்பிள்ளை இருக்கிறாரே, படிக்கட்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். நான் படித்த பத்திரங்கள் பாதி பிரெஞ்சு. ஆனாலும் எல்லை சொல்கிற முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். 1926க்கு முந்தைய பத்திரம் அது. நான்கு எல்லையில் கிழக்கு எல்லை, 'கள்ளி வேலிக்கு மேற்கு'. அவ்வளவுதான், கல் இல்லை, வரப்பு இல்லை. எழுதியவருக்கு அந்த வேலி மலை மாதிரி நிரந்தரமாகத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர், நாலு அடி அவருடையது என்று நாற்பது வருடமாகச் சொல்லிவந்தவர், வேலி இருந்த இடத்தைக் காட்டு என்றார். யாரால் காட்ட முடியும்? அதைப் பூச்சி தின்றுவிட்டது. கடைசியில் சர்வேயர் வந்து, புலப்படத்தை வைத்துச் சங்கிலி போட்டு அளந்தார். கோடு எங்கே வந்தது என்றால், சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடத்துக்கு நடுவே. பாதி எங்கள் பக்கம், பாதி அவர் பக்கம். ஜேசிபிக்கு ஆன வாடகையைத் தலைக்குப் பாதியாகக் கொடுத்தோம்.